சொந்தமாகச் செய்தவளுக்குக் குரல் கிடையாது

1

இந்தக் கதை ஒரு மூக்கில் தொடங்கியது. கிரேன் ஓட்டும் ஒருத்தி, விடுமுறை நாள் முழுக்க வீடியோ கேமில் தனக்கொரு நாயகியைச் செய்துகொண்டிருந்தாள். மூக்கைக் கூட்டினாள், குறைத்தாள். தாடைக்கே ஒரு மணி நேரம்.

“பொண்ணா பாக்கப் போறோம்? சீக்கிரம் முடிடி,” என்றான் லாரி ஓட்டும் கணவன். அவனுக்கு அந்த வம்பே இல்லை. கேம்காரர்கள் செய்துவைத்த நாட்டை இழந்த இளவரசனை எடுத்துக்கொண்டான். தழும்பு, துரோகி சித்தப்பன், கனத்த குரல், எல்லாம் ரெடிமேட்.

2

காய்ப்பேறிய அவள் கைகள் மெல்ல நடுங்க...

(வேண்டாம். உழைப்பாளி என்றதும் காய்ப்பைக் காட்டுவது எழுத்தாளர்களின் ரெடிமேட் சட்டை. நான் மூட்டை தூக்கும் வீட்டில் வளர்ந்தவன். அங்கே யாரும் கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை, சோற்றைத்தான் பார்த்தோம்.)

3

நடந்தது இதுதான். போன வாரம் சூப்பர்வைசர் கிரேனில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றச் சொன்னான். இரும்புக் கயிறு அறுந்து, கீழே நின்ற கூட்டாளியின் கால் நசுங்கியது. ‘அவன்தான் கவனமில்லாமல் நின்றான்’ என்று நாளை மேலாளரிடம் இவள் சொல்ல வேண்டுமாம், சூப்பர்வைசரின் கட்டளை. சொன்னால் இவள் வேலை தங்கும், அவனுக்கு நஷ்டஈடு கிடைக்காது. உண்மையைச் சொன்னால் தலைகீழ்.

4

கேமில் அரசவை. கோட்டைக் கதவைத் திறந்தது யார் என்று ராஜா கேட்டார். இளவரசன் கர்ஜித்தான். இவளுடைய நாயகியோ வாயே திறக்கவில்லை. பதில் திரையில் எழுத்தாக வந்து போனது.

“என்னடி, உன் ஆளு ஊமையா?”

“நாமளே செஞ்சா குரல் குடுக்க மாட்டாங்களாம்.”

“என் ஆளப் பாரு, என்னமா கத்துறான்!”

“போய்யா. அவனுக்கு நாடே போயிடுச்சு. இனி போறதுக்கு என்ன இருக்கு, கத்துவான். எனக்கு வேலை இருக்கே.”

அவன் சிரிப்பை விழுங்கினான். “சரி, நாளைக்கு என்ன சொல்லப் போற?”

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். (கைதட்டல் எனக்கு, வேலை போவது அவளுக்கு.)

முடிவு இரண்டு: பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து அழுகிறாள். (விமர்சகர் இதை ‘யதார்த்தம்’ என்பார். கால் போனவன் வேறு வார்த்தை வைத்திருப்பான்.)

முடிவு மூன்று: அறைக்குள் நுழைந்தவள் சட்டென்று...

இல்லை, என்னை விட்டுவிடுங்கள். “கீழ நின்னவன் தப்புதானேம்மா?” என்று மேலாளர் கேட்டுவிட்டார். அவள் வாயைத் திறந்துவிட்டாள். வசனத்தை நீங்களே போடுங்கள். ஒரே நிபந்தனை: உங்கள் மேலாளர் இப்படிக் கேட்டபோது நீங்கள் சொன்னதை இங்கே போடாதீர்கள். ‘ஆமா சார்’ என்று எழுத எனக்கே தெரியும்.