நாற்பத்திரண்டு நட்டுகள்

“வரலாம், வரலாம், இன்னும் ஒரு சாண்,” என்று கையை ஆட்டிக்கொண்டே கால்வின் பின்னோக்கி நடந்தான். ஹார்மின் பழைய லாரி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, முன்பக்கம் கட்டியிருந்த டயரால் சவ வண்டியின் பின்புறத்தைத் தொட்டு நின்றது.

சவ வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார். “கீறல் விழாதே?”

“முப்பது வருஷமா தள்ளிட்டிருக்கேன். கீறல் விழுந்துச்சுன்னு ஒருத்தனும் வந்து நின்னதில்ல,” என்றார் ஹார்ம். “இவன் வந்து நிக்கப் போறதும் இல்ல.”

தேவாலய வாசலில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். சிரித்த வேகத்திலேயே இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

மண் பாதையில் பந்தயம் ஓடும் ஸ்பிரின்ட் கார் தானாக உயிர் பெறாது. பின்னாலிருந்து லாரி ஒன்று முட்டித் தள்ளினால்தான் எஞ்சின் இருமிக்கொண்டு எழும். அந்த மாவட்டத்தில் மண் பாதையில் கார் ஓட்டியவன் செத்தாலும் சரி, காருக்கு ஸ்பேனர் பிடித்தவன் செத்தாலும் சரி, தேவாலய வாசலிலிருந்து தார் ரோடு வரைக்கும் ஒரு தள்ளு உண்டு. செத்துப்போன ஆர்லினுக்கு அதை ஹார்ம்தான் செய்ய வேண்டும் என்று தம்பி கால்வின் சொல்லியிருந்தான்.

லாரி உறுமியது. சவ வண்டி மெல்ல உருண்டு சோளக்காட்டு ரோட்டில் ஏறியது.

மார்னா படிக்கட்டில் நின்று பார்த்தாள். கணவன் போகிறான் என்று மனத்துக்குத் தெரிந்தது. ஆனால் புதன்கிழமையிலிருந்து மனம் வேறு ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. முன் அச்சு, இடது பக்கம், நான்கு. வலது பக்கம், நான்கு. ஸ்டியரிங் கை, மூன்று. எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. மொத்தம் நாற்பத்திரண்டு நட்டுகள். காரில் இன்னும் எத்தனையோ இருந்தன. கழன்றால் ஆளைக் கொல்லக்கூடியவை என்று அவள் கணக்கில் இருந்தவை இவ்வளவு.

*

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றிக்கறி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், பெரிய அண்டாவில் காப்பி. யாரோ ஒரு தட்டை மார்னாவின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டே முக்கால் காட்டியது.

பாதிரியார் காலையில் பேசியதையே மேஜைகளில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆர்லினின் கைகளைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசியிருந்தார். பகலெல்லாம் தானியக் கிடங்கில் மூட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் உழைத்த கைகள். சாயங்காலம் தம்பியின் காரைப் பிரித்துப் பூட்டிய கைகள். இருபத்தாறு வருடத்தில் ஒரு நட்டு கழன்றதில்லை. ‘ஒரு மனிதன் தன் சகோதரனின் உயிரைக் கையில் வைத்திருந்தான், ஒருநாளும் நழுவவிட்டதில்லை’ என்று பாதிரியார் சொன்னபோது, முன்வரிசையில் கால்வினின் தோள்கள் குலுங்கின.

மார்னா அப்போது பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினான்கு வயது வித்தியாசம். கால்வின் வாரத்தில் ஐந்து நாள் மாவட்டத்தின் ரோடு போடும் வண்டி ஓட்டுவான். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தால் நெப்ராஸ்கா, சனி சொந்த ஊர்ப் பாதை, ஞாயிறு மிசௌரி. திங்கள் காலை ஆறு மணிக்கு இருவரும் கண் சிவந்து வேலைக்கு நிற்பார்கள். ஒரே எஞ்சின். பெரிய அணிகள் ஓட்டிக் கழித்த டயர்கள். வெல்வது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஆனால் ஆர்லின் பூட்டிய கார் பாதியில் நின்றதில்லை என்ற பேர் மூன்று மாநிலத்திலும் இருந்தது.

ஆர்லினின் முறை இதுதான். ஒவ்வொரு நட்டையும் வெறும் ஸ்பேனரால், கைக்கணக்கில் இறுக்குவான். இறுக்கிய உடனே பெயின்ட் பேனாவால் நட்டிலிருந்து இரும்புக்கு ஒரு மஞ்சள் கோடு. கோடு விழுந்த நட்டை அதற்குப் பிறகு யாரும் தொடக்கூடாது. ‘கிளிக்’ என்று சத்தம் போட்டு அளவு சொல்லும் டார்க் ரெஞ்ச் ஒன்றைக் கால்வின் ஒரு கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்தான். “கையில்லாதவனுக்கு இது,” என்று ஆர்லின் அதைச் சிவப்புப் பெட்டியோடு ஷெட் மேஜையின் கடைசி இழுப்பறையில் போட்டுவிட்டான்.

மார்ச் மாதம் ஒருநாள் கொதிக்கும் காப்பி அவன் விரல்மேல் வழிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. மார்னா சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தான். சர்க்கரை நோய் பத்து வருடமாக இருந்தது. விரல்கள் எப்போதிலிருந்து மரத்துப்போயின என்று அவன் சொல்லவில்லை.

“கால்வின்கிட்ட வாயத் தொறக்காத,” என்றான். “தெரிஞ்சா கார வித்துட்டு வேற ஆளோட காருக்குப் போயிடுவான். இல்லாட்டி, வேற யாரையாவது கூட்டிட்டு வந்து என் ஷெட்ல நிறுத்துவான்.”

அவள் சத்தியம் செய்தாள். மறுநாள் காலை அவன் கிடங்குக்குப் போனதும் ஷெட்டுக்குள் போய், மஞ்சள் கோடு போட்ட ஒரு நட்டில் விரலை வைத்துத் திருகிப் பார்த்தாள். அது சுற்றியது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் போன பிறகு, அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவைக்கூடம் திறப்பதற்கு முன்பு, ஒரு மணி நேரம். தோட்ட வேலைக்கு முழங்காலுக்கு வைக்கும் பச்சை மெத்தையை எடுத்துக்கொண்டு போவாள். சிவப்புப் பெட்டியைத் திறப்பாள். நாற்பத்திரண்டு கிளிக். பிறகு எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிடுவாள். உடைந்த கோடுகளின்மேல் மஞ்சள் தடவுவாள். மாலையில் அவன் வந்து பார்த்தால் அவன் கோடு அவனுடையதாகவே இருக்கும். பந்தய நாளில் பார்வையாளர் மேடையில் உட்கார்ந்து மற்றவர்கள் சுற்றுகளை எண்ணும்போது அவள் நட்டுகளை எண்ணுவாள்.

இந்த வாரம் புதன்கிழமை ஆர்லின் இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தபோது காரின் இடது முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் மூடி திறந்த பெயின்ட் பேனா. வேலை முடிந்திருந்தது. எல்லாவற்றிலும் புது மஞ்சள். பக்கத்தில் அவளுடைய பச்சை மெத்தை கிடந்தது. நெஞ்சு வலித்து, உட்கார எடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வீடு நிறைய ஆட்கள். அவள் ஷெட்டுக்குள் போகவில்லை.

“எல்லாரும் ஒரு நிமிஷம்,” என்று கால்வின் காப்பிக் கோப்பையோடு எழுந்து நின்றான். கழுத்துப் பட்டையைத் தளர்த்தியிருந்தான். “இன்னைக்கு சாயங்காலம் கார் ஓடுது. அண்ணன் வேற மாதிரி நெனச்சிருக்க மாட்டாரு. ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன். யாரும் அந்தக் கார்ல ஸ்பேனர் வைக்கக் கூடாது. டயர் மாத்தலாம், எரிபொருள் ஊத்தலாம். மத்தபடி அவரு எப்படி விட்டுட்டுப் போனாரோ அப்படியே ஓடும். ஒவ்வொரு நட்டுலயும் அவரு கோடு இருக்கு. அது போதும் எனக்கு.”

மேஜைகளில் தலைகள் அசைந்தன. ஒரு கிழவர் மேஜையை உள்ளங்கையால் தட்டினார்.

போன கோடையில் நெப்ராஸ்காவில் ஒரு பையனின் காரில் முன் அச்சைப் பிடிக்கும் தண்டு ஒன்று கழன்றது. கார் மூக்கால் மண்ணைக் குத்தி எழுந்து வேலியின் மேல் ஏறியது. விழுந்தபோது கூரைமேல் இருந்த இறக்கை தாள் மாதிரி மடிந்திருந்தது. அந்தப் பையனின் மனைவி மேடையில் மார்னாவுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. கையிலிருந்த பொரியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகப் படியிறங்கிப் போனாள்.

கால்வின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். “ஒண்ணும் சாப்பிடலையே, அண்ணி.”

“கால்வின், நீ ஒருதடவ காரப் பாத்துடேன்.”

“எதப் பாக்கறது?”

“எல்லாத்தையும். சும்மா. மூணு நாளா அப்படியே கிடக்கு.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ரோடு வேலையில் காய்த்துப்போன கை. “அண்ணன் போட்ட கோட்டு மேல நான் ஸ்பேனர் வெச்சா, அவரு அங்கேருந்து எந்திரிச்சு வந்து அதாலேயே என் மண்டையில போடுவாரு. நீங்க பயப்படாதீங்க. மூணு மணிக்கு டிரெய்லரோட வர்றேன்.”

இப்போது சொல்லிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நான்கு வார்த்தை போதும். ஆனால் எதிர் மேஜையில் ஹார்ம் யாரிடமோ ஆர்லினின் கையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லறை மண்ணின் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் ஹார்மிடம் போய், “உடுப்பு மாத்தணும். கொஞ்சம் வீட்ல விட்டுடறீங்களா?” என்றாள்.

லாரியில் ஹார்ம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “கை ஏன்மா இப்படி நடுங்குது?”

“காப்பி அதிகமாயிடுச்சு.”

“நீ ஒரு வாய்கூடக் குடிக்கலையே,” என்றார்.

*

ஷெட்டுக்குள் வெயில் தகரத்தின் வழியே இறங்கிக் கொதித்தது. கார் நான்கு கட்டைகளின் மேல் நின்றது. மார்னா உடுப்பு மாற்றவில்லை. கறுப்பு உடையோடு நேராக மேஜைக்குப் போய்க் கடைசி இழுப்பறையை இழுத்தாள்.

சிவப்புப் பெட்டி இல்லை.

மற்றவற்றையும் இழுத்தாள். கந்தல் துணி, பழைய பிளக்குகள், சர்க்கரை மாத்திரையின் காலி டப்பா. கால்வின் எடுத்துப் போயிருப்பானோ? வேறு யாராவது? மணி இரண்டு ஐந்து. மேஜையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

பெட்டி இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பச்சை மெத்தையின் மேல்.

புதன்கிழமை அவனைப் பார்த்த பதற்றத்தில் பெட்டி அவள் கண்ணில் படவில்லை, மெத்தை கிடந்த விதமும் படவில்லை. தூக்கிப் போக வந்தவர்கள் யாரும் அதைத் தள்ளவும் இல்லை. மெத்தை சக்கரத்துக்கு நேராக, அவள் வழக்கமாக முதலில் மண்டியிடும் இடத்தில், ஒழுங்காக விரிக்கப்பட்டிருந்தது. பெட்டி திறந்திருந்தது. ரெஞ்ச்சின் கைப்பிடியில் எண் அவள் வைக்கும் எண்ணிலேயே நின்றது.

அவள் மண்டியிட்டாள். முன் அச்சின் முதல் நட்டு. புது மஞ்சள், பளபளப்பு. ரெஞ்ச்சை வைக்காமல் விரலால் திருகினாள்.

சுற்றியது. இரண்டாவதும் சுற்றியது. மூன்றாவது, நான்காவது. ஸ்டியரிங் கைக்குப் போனாள். அதுவும். விரலால் பூட்டி, மேலே கோடு. அவ்வளவுதான். ஸ்பேனரே படவில்லை.

மார்ச்சில் இருபதுக்கு ஒன்று தளர்ந்திருந்தது. மே மாதம் பத்துக்கு மூன்று. போன இரண்டு வாரமாக ஏறக்குறைய எல்லாமே. விரல் இன்னும் மோசமாகிவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒரு மணி நேரம் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை. டிரெய்லர் மட்டும் முன்னால் வந்திருந்தால்.

வெளியே சரளைக்கல் நெரிந்தது. மூன்று மணி ஆகவில்லை.

“அண்ணி?” கால்வின் வாசலில் நின்றான். வெளிச்சத்திலிருந்து வந்தவனுக்குக் கண் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவள் கையிலிருந்ததைப் பார்த்தான். “என்ன பண்றீங்க? அவ்ளோ பேருக்கு முன்னாடி சொன்னேன்ல, யாரும் தொடக் கூடாதுன்னு. உங்களுக்குத் தனியா சொல்லணுமா?”

அவள் கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவன் எதிர்த்துக்கொண்டே குந்தினான். அவனுடைய விரல்களை நட்டின் மேல் வைத்தாள்.

“திருகு.”

“கோடு உடைஞ்சுடும்.”

“திருகுடா.”

இருபத்தாறு வருடத்தில் அவள் அவனை ‘டா’ போட்டதில்லை. அவன் இரண்டு விரலால் திருகினான். மஞ்சள் கோடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி இரும்பில் நின்றது. மறு பாதி நட்டோடு சுற்றிப் போனது.

அவன் அடுத்ததைத் திருகினான். அதற்கடுத்தது. பிறகு கையை எடுத்துத் தொடையில் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கோட்டுப் பையிலிருந்து அடக்கத்தில் கொடுத்த பூ ஒன்று வெளியே வந்து தொங்கியது.

“எத்தன நாளா?” என்றான்.

“மார்ச்லேருந்து. விரல்ல உணர்ச்சி இல்ல அவருக்கு.”

“அப்போ நெப்ராஸ்கா? போன வாரம்?”

“ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் வந்து இறுக்கிடுவேன். இந்த வியாழக்கிழமை வரல.”

அவன் கூரையைப் பார்த்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

“நீங்க பண்றது அண்ணனுக்குத் தெரியுமா?”

அவள் முழங்காலுக்குக் கீழே பார்த்தாள். பச்சை மெத்தையில் நான்கு மாதமாக அழுந்தி அழுந்தி விழுந்த இரண்டு பள்ளங்கள். ஆர்லின் மெத்தையைப் போட்டபோது பள்ளம் சக்கரத்தின் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டிருந்தான்.

“தெரியாதுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள்.

கால்வினும் மெத்தையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ஆர்லினின் வேலை உடுப்பு மாட்டும் ஆணி.

“மொத்தம் எத்தன?”

“நாப்பத்திரண்டு.”

“முதல் சுத்து ஆறே முக்காலுக்கு,” என்றான். அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. மேஜைக்குப் போய்த் பெயின்ட் கரைக்கும் தின்னர் டப்பாவையும் பேனாவையும் ஒரு கந்தலையும் எடுத்து வந்தான். துணியை நனைத்து, அவளுக்கு முன்னால் குந்தி, முதல் நட்டிலிருந்த மஞ்சளைத் துடைத்தான். அழுத்தித் துடைக்கவில்லை. இரும்பு வெள்ளையாகத் தெரிந்ததும் விலகி அடுத்ததுக்கு நகர்ந்தான்.

அவள் ரெஞ்ச்சை வைத்து இழுத்தாள். கிளிக்.

“பேனா,” என்று கையை நீட்டினாள்.

அவன் கொடுத்தான். கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது. அவன் அதைப் பார்த்தான். வெளியே ஹார்மின் லாரி வந்து நின்று ஹார்ன் அடித்தது. இருவரும் நிமிரவில்லை. கிளிக். மார்னா மெத்தையை அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.