முறுக்கிய கொடி

முதல் பஸ் மலையேறி வருகிற நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. செந்தாமரை சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் அவள் மகன் பிரகாஷ் கேட்டது சாமைக் கஞ்சிதான். விடியுமுன் மருமகள் அன்பரசி போன் செய்து, "வூட்டுக்குக் கொண்டாறோம் அத்த" என்றாள். கூட்டியாறோம் என்று சொல்லவில்லை.

வாசலில் பலகை போட்டுக் கிடத்தினார்கள். வலது விலாவில் அக்குளிலிருந்து முதுகு வரை தையல் ஓடியது. ஒருத்தி குடத்தைச் சாய்த்தாள்.

"பச்சத் தண்ணி ஊத்தாத" என்றாள் செந்தாமரை. "தையல் காயல."

வெந்நீர் வைத்தார்கள்.

செந்தாமரையின் தம்பி கண்ணாயிரம் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டே பேசினார். "பீடி தொடாத பையனுக்கு நுரையீரல்ல கேன்சராம். புத்தி தெரிஞ்சதுலேருந்து ஊதுறேன், நான் கல்லாட்டம் கிறேன். இன்னா நாயம் இது?" பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு அன்பரசி போனில் விளக்கியிருந்தாள். "கட்டிய எடுத்துடலாமாம் அத்த. ஆனா நுரையீரல்லேருந்து இருதயத்துக்குப் போற ரத்தக்குழா ஒண்ணு, இவருக்கு வளைஞ்சு வேற எடத்துல சேருதாம். அதையும் மாத்தி வெச்சுத் தைக்கணுமாம். இருதயம் தாங்கணுமாம். பொறக்கும்போதே அப்பிடித்தானாம்."

அன்றிலிருந்து செந்தாமரை சரியாகத் தூங்கவில்லை.

கண்ணாயிரம் காட்டுக்கொடியை எடுத்தார். மூங்கிலைச் சுற்றி வளைத்து, கால் கொடுத்து முறுக்கினார்.

"முறுக்காத!"

அழுதுகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். செந்தாமரை எழுந்து போய்க் கொடியைப் பிடித்தாள்.

"முறுக்காம எப்பிடிக்கா கட்றது?"

"கயிறு போட்டுக் கட்டு."

"இன்னாக்கா ஆச்சு ஒனக்கு?"

"இவன் வயித்துல இருக்கசொல்ல கிரகணம் புடிச்சுது. வூட்ட வுட்டு வராதடின்னாங்க. அடுப்புக்கு வெறகில்ல. நான் காட்டுக்குப் போய்ட்டேன். கொடிய வளைச்சு, முறுக்கி, கட்டு கட்டினேன்."

கிரகணத்தில் பிள்ளைத்தாய்ச்சி எதையும் வளைக்கக் கூடாது, முறுக்கக் கூடாது. அது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அன்பரசி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். "அதெல்லாம் இல்ல அத்த. டாக்டரு அப்பிடிச் சொல்லல."

"எதனால வளைஞ்சுதுன்னு சொன்னாரா?"

"சில பேருக்கு அப்பிடி அமைஞ்சுடுமாம்."

"எதனாலன்னு சொன்னாரா?"

செந்தாமரை மகனின் அருகில் உட்கார்ந்தாள். கொடியின் முறுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மடியில் வைத்து நீவினாள். கையை எடுத்ததும் அது மறுபடி சுருண்டது. மறுபடி நீவினாள்.

"அன்னிக்கு நான் வூட்லயே கெடந்திருந்தா, இவனுக்கு அது நேரா ஓடியிருக்கும் இல்ல?"