பம்பில் கட்டிய நூல்

அடையாற்றில் நின்ற லாஞ்சின் பம்ப் மறுபடியும் தண்ணீர் இழுக்கவில்லை என்றதும் பவுல்சாமியின் கண் முன்னால் ஒரே ஒரு முகம்தான் வந்து நின்றது. இனாயத்தின் முகம்.

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளத்தார் ஏலம் போட்ட மோட்டார் படகு அது. மயிலாப்பூரில் மரவாடி வைத்திருந்த மாணிக்கவாசக முதலியார் அதை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துவாரம் வரை குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க அழைத்துப்போக விட்டிருந்தார். எஞ்சினுக்குப் பவுல்சாமி, சுக்கான் பிடிக்க இனாயத். எஞ்சின் சூடேறாமல் இருக்க ஆற்றுத் தண்ணீரை இழுத்துக் கொடுக்கும் பம்ப் ஒன்று அதில் உண்டு. அதற்குள்ளே சுற்றுவது உள்ளங்கை அளவு ரப்பர் சக்கரம். சக்கரத்தின் இதழ்கள் வளைந்து வளைந்து தண்ணீரைத் தள்ளும். இதழ் பிய்ந்தால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் நின்றால் எஞ்சின் அடுப்பாகிவிடும்.

அந்த இதழ்கள்தான் ஓயாமல் பிய்ந்துகொண்டிருந்தன. மணல் ஏறியிருக்குமோ என்று பவுல்சாமி வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தான். துடைத்து வைத்தது போல் இருந்தது. பம்பைக் கவனிப்பதில் அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. துறைமுகத்து இழுவைப் படகில் பித்தளைப் பம்போடு பாதி ஆயுளைக் கழித்தவன். கிரீஸ் வைக்காத பம்ப் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்பான். வாரம் தவறாமல் மூடியைத் திறந்து, விரலால் வழித்து வழித்து ரப்பர் சக்கரம் முழுக்க அப்புவான். பெற்ற பிள்ளைக்குக்கூட இவர் இப்படி எண்ணெய் தேய்த்துவிட்டதில்லை என்பது அவன் மனைவி அல்போன்சாவின் மனக்குறை.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் சக்கரம் பிய்கிறதென்றால் யாரோ பிய்க்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? பவுல்சாமியிடம் அத்தாட்சியும் இருந்தது. தங்கை மகள் கல்யாணத்துக்கு அவன் பரங்கிமலை போய்த் தங்கிவிட்ட நாட்களில், இனாயத்தே ஒரு சக்கரத்தை மாட்டி லாஞ்சை ஓட்டினான். கிரீஸ் டப்பா பவுல்சாமியின் வீட்டுப் பெட்டியில் பூட்டிக் கிடந்ததால் வெறுமனே மாட்டினான். அந்தச் சக்கரம் ஒரு கீறல் இல்லாமல் உழைத்தது. பவுல்சாமி திரும்பி வந்து, கிரீஸ் அப்பி அழகு பார்த்த பிறகுதான் அதுவும் போனது.

வேறு ஒருவனாக இருந்தால் அந்த இடத்தில் சற்று நின்று யோசித்திருப்பான். சந்தேகம் பிடித்தவனுக்கு நிற்க ஏது நேரம்? நான் இல்லாதபோது உடையாதது நான் வந்ததும் உடைகிறது, என் பேரைக் கெடுத்து என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டான். அதன் பிறகு இனாயத் சிரித்தால் நக்கலாகத் தெரிந்தது, சும்மா இருந்தால் கள்ளமாகத் தெரிந்தது. காலையில் இரண்டு பேருக்குமாக அவன் தூக்குச்சட்டியில் வாங்கிவரும் டீயைக்கூட, அவன் முதுகு திரும்பும் சமயம் பார்த்துப் பவுல்சாமி ஆற்றில் ஊற்றினான்.

கடைசியில் முதலியாரிடமே போய் நின்றான். கண்ணால் பார்த்தாயா என்று அவர் கேட்டார்.

"பாக்கல முதலாளி. ஆனா காட்டறேன். எவன் கைன்னு தெரிஞ்சா அன்னிக்கே அவனை இறக்கி உட்ரணும்."

சரி என்றார் முதலியார். அந்த ஞாயிறு சாயங்காலமே பவுல்சாமி புதுச் சக்கரம் மாட்டி, வழக்கத்துக்கு மேலேயே கிரீஸ் அப்பி, மூடியைத் திருகினான். திருகாணிகளைச் சுற்றி வெள்ளை நூலை இழுத்துக் கட்டி, முடிச்சின் மேல் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுவர்த்தியைச் சொட்டவிட்டான். நூலை அறுக்காமல் இனி எவனும் உள்ளே கை வைக்க முடியாது. அந்த வாரம் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இனாயத்தைக் கவனித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலியார் வந்தார். இனாயத் சுக்கானில் நிற்க, எஞ்சினைக் கிளப்பினார்கள். பின்பக்கக் குழாய் இரண்டு வாய் தண்ணீர் துப்பிவிட்டு நின்றது. ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. பவுல்சாமி அவசர அவசரமாக எஞ்சினை நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா என்பது போல் முதலியாரைப் பார்த்தான்.

முதலியார் குனிந்து நூலைப் பார்த்தார். மெழுகு விட்டது விட்டபடி இருந்தது. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. பவுல்சாமிதான் கத்தியை எடுத்து அதை அறுக்க வேண்டியிருந்தது.

மூடியைத் திறந்தான். இதழ்கள் பிய்ந்து கிரீஸில் மிதந்தன. கையோடு கொண்டுவந்திருந்த மாற்றுச் சக்கரத்தை எடுத்தான். இன்னொருவர் கை படாதபடி அவனே வீட்டுப் பெட்டியில் பூட்டி, கிரீஸில் முழுக்கி வைத்திருந்த சக்கரம் அது. பம்புக்குள் வைத்தால் போகவில்லை. டீயில் நனைத்த பன் மாதிரி ஊதிப்போயிருந்தது. கட்டை விரலால் அழுத்தினான். ஒரு நாள்கூட ஓடாத சக்கரத்தின் இதழ் கையோடு வந்துவிட்டது.

ஆசை ஆசையாக அவன் அப்பியதெல்லாம் ரப்பருக்கு விஷம். பரங்கிமலைக் கல்யாணத்தின்போது இனாயத் மாட்டிய சக்கரம் ஏன் பிழைத்தது என்பது இப்போதுதான் அந்த மண்டையில் ஏறியது.

"என் கைதான் முதலாளி," என்றான். "கிரீஸ்தான் ரப்பரைத் துன்னுக்கினு இருந்திருக்குது. வேற யாருமில்ல."

முதலியார் சிரித்துவிட்டார். போனது போகட்டும், வேறு சக்கரம் வரவழைத்து வெறும் சோப்புத் தண்ணீர் தொட்டு மாட்டு என்று சொல்லிவிட்டு, கரையில் காத்திருந்தவர்களைத் திருப்பி அனுப்பப் போனார். பவுல்சாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அசடு வழிய இனாயத்தைப் பார்த்தான்.

இனாயத் சிரிக்கவில்லை. அறுந்து கிடந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கட்டுன மறுநாளே பாத்தேண்ணே," என்றான். "மெழுகு வாசனை வந்துச்சி. எனக்கோசரம்தான் நீ கட்டிக்கீறேன்னு புரிஞ்சுது. ஒரு வாரமா, அது தானா அறுந்துடப் போவுதேன்னு பயந்துக்கினே வேலை பாத்தேன். இனிமே என்னால ஆவாது."

அவனை யாரும் இறக்கிவிடவில்லை. அவனாகவே சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினான். பவுல்சாமி பேர் சொல்லிக் கூப்பிட்டான். இனாயத் திரும்பாமல் கரையேறி, பாலத்துப் பக்கம் நடந்துவிட்டான்.

சுக்கானுக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டி இருந்தது. இன்றைக்கும் இரண்டு பேருக்குமாகத்தான் வாங்கி வந்திருந்தான். பவுல்சாமி கிரீஸ் கையோடு அதை எடுத்து மூடியைத் திறந்தான். டீ ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான்.