நிறம் சேராத பல்

அந்த அறையில் இருந்தவர்கள்: டாக்டர். மெஷின் விற்கும் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்தவர். வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்த கணவன் மனைவி. அவர்கள் பக்கத்து நகரத்தில் பல் ஆஸ்பத்திரி வைத்திருப்பவர்கள். நாற்காலியில் மல்லாந்து என் அக்கா. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மெஷின் அறை வாசலில், நான்.

எனக்கு ராத்திரி வேலை. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் பகலில் பல்லை ராவிக்கொண்டு ஓட்டலுக்குத் தூங்கப் போவார்கள். அவர்கள் எழுந்து வருவதற்குள், ராவிய பல்லின் மேலே மாட்டும் உறைகளை மெஷின் கடைந்து முடித்திருக்க வேண்டும். உறை கடையும் பீங்கான் கட்டியை மெஷினில் மாட்டுவது, முனை தேய்ந்தால் மாற்றுவது, தூசியை உறிஞ்சுவது. காலேஜைப் பாதியில் விட்டவனுக்கு அது போதும். பெயர் சொல்லிக் கூப்பிட அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. "நைட்டு" என்பார்கள். அன்று ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு விடவில்லை. புது மெஷினை ஓட்டிக் காட்ட ஆள் வேண்டுமாம்.

அக்கா அதே ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி ஆவியில் வைக்கிறவள். ஊரார் வாயில் போன இடுக்கியெல்லாம் அவள் கையில் பளபளக்கும். அவள் வாயிலோ கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை விழுந்து வருடக்கணக்காகிறது. ஒரு பக்கமாகவே மென்று பழகிவிட்டாள். கேட்கும்போதெல்லாம் டாக்டர், "பாக்கலாம்மா" என்பார். அன்று காலை அவரே கூப்பிட்டார்.

"ஓசியிலயே பல்லு கட்டித் தரேன், வந்து உக்காரு."

அவள் ஓடிப்போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

டை கட்டியவர் அவள் வாய்க்குள் கேமராவை விட்டு, திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "கடைவாப் பல்லு எடுபடாது டாக்டர். முன்னாடி ஏதாச்சும் இருக்கா?"

டாக்டர் அக்காவின் மேலுதட்டைத் தூக்கினார். முன்பல் ஒன்றின் விளிம்பு நகக்கண் அளவுக்கு உடைந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வலி இல்லை, கூச்சம் இல்லை. அதைக்கொண்டுதான் அவள் நூலைக் கடித்து அறுப்பாள்.

"இதையே செஞ்சிடலாம். அழகாயிடுவ."

"சார், எனக்கு வலி பின்னாடி..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். வாயத் தொற."

ஊசி போட்டார். ராவினார். நல்ல பல். அதன் தூள் தண்ணீரோடு கலந்து உறிஞ்சு குழாயில் போனது. கடைசியில் மிஞ்சியது ஒரு முளை. திரையில் அது சுவர் உயரத்துக்குத் தெரிந்தது. "என்ன துல்லியம் பாத்தியா" என்றார் வாங்க வந்தவர். அவர் மனைவி போனில் படம் எடுத்தாள். நாற்காலியில் கிடப்பது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேமரா எடுத்த அளவு என் மெஷினுக்கு வந்தது. அலமாரியைத் திறந்தேன். கண்ணில் பட்ட கட்டியெல்லாம் ஒரே வெள்ளை. வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த நிறம்தான் வேண்டும் என்று டாக்டர் வேறெதையும் வாங்குவதை நிறுத்தி நாளாகிறது. காட்டுவதற்கு உட்காரப்போவது உள்ளூர் வாய் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"சார், இந்த நிறம் அக்காவுக்குச் சேராது."

"ஓசி மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்காதடா நைட்டு" என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாட்டோட பல்லுதான் சார் இங்க போயிருக்கு" என்றேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"காலேஜ முடிச்சவன் மாதிரியே பேசறான். பட்டனை அழுத்துடா."

அழுத்தினேன். முளையோடு அவளை எப்படி விடுவது? மெஷின் கடைந்து கொடுத்தது. டாக்டர் அதை ஒட்டாமல் சும்மா பொருத்தி, அக்கா கையில் கண்ணாடியைக் கொடுத்தார். குளியலறை டைல்ஸைப் பெயர்த்து வாயில் வைத்தது போல இருந்தது. அக்கா கண்ணாடியைத் திருப்பி மடியில் கவிழ்த்தாள்.

"மத்த பல்லெல்லாம் அழுக்காத் தெரியுதே" என்றாள் படம் எடுத்தவள்.

"அதாங்க மேடம் இதுல விஷயமே" என்று டை கட்டியவர் துள்ளினார். "ஒண்ணு செஞ்சா அடுத்ததை அவங்களே கேப்பாங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்ப எல்லா ஊர்லயும் இதான் ஓடுது. டாக்டர், முன்வரிசை முழுக்கச் செஞ்சே காட்டிடலாமே? கட்டி எங்க கம்பெனி தரும்."

"தாராளமா" என்றார் டாக்டர். நல்ல பல்லை ராவக் கூடாது என்று அவருக்குத் தெரியாததில்லை. தன் மகள் பல்லில் கம்பி கூடக் கட்ட விடாதவர். "இன்னொரு ஊசி போட்டுக்கலாம்மா. ஒரே வரிசையா, ஜம்முனு."

அக்கா உறையைத் துப்பிக் கையில் பிடித்துக்கொண்டாள். மரத்த உதட்டால் ஏதோ சொன்னாள். வேண்டாம் என்றுதான் சொன்னாள். எனக்குப் புரிந்தது, பக்கத்திலேயே நின்ற டாக்டருக்குப் புரியவில்லை.

"ஆடாம இரும்மா" என்று அவள் நெற்றியைப் பின்னுக்கு அழுத்தி, ராவும் கருவியைக் கையில் எடுத்தார். அது கிறீச்சென்று கிளம்பியது.

அந்தக் கருவி காற்றில் ஓடுவது. காற்று என் அறையிலிருந்து போகிறது. அந்த நாற்காலிக்குப் போகும் குழாயின் பிடியைத் திருகி மூடினேன். கருவி முனகி நின்றது.

"என்னாச்சு?" என்றார் வாங்க வந்தவர்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. டேய் நைட்டு, காத்து வரல."

"வராது சார்."

"தொறடா."

"அவ வேணாங்கறா. காதுல விழலையா?"

"கம்பெனிக்காரங்க முன்னாடி மானத்த வாங்காத. ரெண்டு பேரும் நாளைக்கு வீட்ல உக்காந்திருப்பீங்க."

"சொத்தைப் பல்ல வச்சுக்கிட்டா, இல்ல எடுத்துட்டா?" என்றேன்.

அக்கா அதற்குள் எழுந்துவிட்டாள். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, டை கட்டியவரை முழங்கையால் தள்ளிவிட்டு நேரே என்னிடம் வந்தாள். அந்த வெள்ளை உறையை என் மேஜைமேல் வைத்தாள்.

"கடைவாப் பல்லு இன்னும் வலிக்குதுடா" என்றாள் குழறலாக.

அலமாரியின் அடித்தட்டில், உள்ளூர்க்காரர்கள் வந்துகொண்டிருந்த காலத்துக் கட்டி ஒன்று, மனிதப் பல் நிறத்தில், தூசியோடு கிடப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தூக்கிப் போடச் சொல்லியிருந்தார்கள். போடவில்லை, சோம்பல். அளவு மெஷினில் இருக்கிறது. கடைசல் முடியும்வரை யாரும் உள்ளே வராமல் இருந்தால் போதும்.

டாக்டர் வந்துகொண்டிருந்தார். அக்கா உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன்.