மூன்று தவணையில் ஒரு சாவு

கூறைச்சேலையைப் பையிலிருந்து எடுத்துச் சித்தியிடம் நீட்டும்போது, நிரூபனின் கோட்டுப் பைக்குள் மயூராவின் போன் இரண்டு முறை அதிர்ந்து நின்றது.

அவன் எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு முறை அடித்து நின்றால் அது மாமி. போர் முடிந்து சனத்தை அடைத்து வைத்திருக்கும் செட்டிகுளம் முகாமில் யாரோ ஒளித்து வைத்திருக்கும் போனை இரந்து வாங்கி, ஆமிக்காரன் அந்தப் பக்கம் இல்லாத நேரம் பார்த்து மகளுக்கு மிஸ்ட் கோல் கொடுப்பார். மயூரா உடனே போன் கார்டின் நம்பரை அடித்துத் திருப்பி எடுப்பாள்.

"எடுக்காதையும்," என்றார் பாலேந்திரா. அதிர்ந்த சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது.

அவர் மயூராவின் சித்தப்பா. இல்ஃபோர்ட்டில் கடை வைத்திருக்கிறார். மயூராவை லண்டனுக்கு எடுத்தவர் அவர். அவளை நிரூபனுக்குக் கட்டிக் கொடுத்தவரும் அவர். இப்போது செத்தவீட்டுச் சேவைக்காரரின் பின்னறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"திருப்பி எடுத்து என்ன சொல்லப் போறீர்? அந்த மனுசி கம்பிக்குள்ள கிடக்குது. பக்கத்தில பிடிக்க ஒரு ஆள் இல்லை. கேட்ட இடத்திலயே நெஞ்சு வெடிச்சுப் போகும்."

"அப்ப எப்ப சொல்லுறது?"

"நான் போன கிழமையே தொடங்கிட்டன் தம்பி. பிள்ளைக்குக் காய்ச்சல், தொண்டை அடைச்சுப்போச்சு, கதைக்க ஏலாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில எண்டு சொல்லுவம். பிறகு சீரியஸ் எண்டு. பிறகு மெல்ல மெல்ல..."

கதவுக்கு அந்தப் பக்கம் மயூரா கிடந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எரித்துவிடுவார்கள். எரித்து ஒரு கிழமை கழித்து அவளுக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் போடப் போகிறார்கள்.

"அவர் யோசிச்சுத்தான் செய்யிறார்," என்றார் யோகமலர் சித்தி. நிரூபனின் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நிரூபனுக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அவனே இதைப் பற்றி எழுதியிருக்கிறான்.

பகலில் செவன் கிங்ஸ் பெற்றோல் நிலையத்தில் வேலை, பின்னேரத்தில் பல்கலைக்கழகம். சமூகவியலில் முதுகலை. பெப்ரவரியில் விரிவுரையாளர், உங்களைச் சுற்றி உள்ள மனிதர்களை ஒரு மாதம் உற்றுப் பார்த்து எழுதுங்கள் என்றார். நிரூபன் கோயில் படியில், கடை வரிசையில், கலியாண மண்டப வாசலில் நின்று பார்த்தான். எங்கள் ஆட்கள் சாவைத் தவணையில் சொல்கிறார்கள் என்று எழுதினான். முதல் தவணையில் சுகமில்லை. இரண்டாவதில் சீரியஸ். மூன்றாவதில்தான் 'மோசம் போயிட்டார்.' கேட்பவர் தாங்க வேண்டும் என்பதற்காக, ஒரு இரக்கத்தின் பேரில் செய்யப்படும் ஏற்பாடு இது என்று முடித்திருந்தான். வகுப்பில் வாசித்தபோது வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிரித்தார்கள். விரிவுரையாளர் ஓரத்தில் 'அருமை' என்று எழுதிக் கொடுத்தார்.

மயூரா சமையலறையில் நின்றபடி அதை வாசித்தாள். சிரிக்கவில்லை.

"உமக்கு இது பகிடியா நிரூபன்?"

"பகிடி இல்லை. நடக்கிறதைத்தானே எழுதினன்."

"பாத்துக்கொண்டு நிக்கிறதுக்கு ஒரு பட்டமும் தருவினம் என்ன?" என்றாள். பிறகு அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள்.

ஏப்ரலில் அவளுடைய தம்பி கிருஷாந்த் வன்னியில் ஷெல் பட்டுச் செத்தான். செய்தி சித்தப்பாவுக்கு மே தொடக்கத்தில் வந்துவிட்டது. அவர் மயூராவிடம் காலில் காயம் என்றார். பிறகு தொடர்பில்லை என்றார். மயூரா தினமும் வேலை முடிந்து நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போனாள். தம்பியின் படத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, காப்பாற்றுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினாள். புதைத்துப் புல் முளைத்தவனுக்காக ஆறு கிழமை மழையில் நின்றாள். சில நாட்களில் சித்தப்பாவும் பக்கத்தில் நின்று கோஷம் போட்டார்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை, மீன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளுடைய கையைப் பிடித்து, "தம்பியின்ர விசயம் கேள்விப்பட்டன் பிள்ளை," என்றாள். மயூரா மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். செதில் எடுத்து, வெட்டி, மஞ்சள் போட்டுக் கழுவி, பொரித்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் நிரூபனிடம் சொன்னாள்.

முகாமிலிருந்து மாமி முதல் தடவை கதைத்த அன்று அவள் தாயுடன் சண்டை போட்டாள். தம்பி செத்ததை மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பியது மாமிதான். "இனி எனக்கு ஒண்டும் ஒளிக்காதேங்கோ அம்மா. நானும் உங்களுக்கு ஒளிக்க மாட்டன். சத்தியம்," என்றாள். அழுகைக்கு நடுவில் இருவரும் ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டதை நிரூபன் பக்கத்தில் இருந்து கேட்டான்.

செப்டெம்பரில் பஸ் தரிப்பில் விழுந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. இரண்டு நாள் மெஷினில் வைத்திருந்தார்கள். வயது இருபத்தேழு.

மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் ஆண்கள் பார்க்கிங் டிக்கெட்டைப் பற்றிக் கதைத்தார்கள். ஒருவர் கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்காக வீடியோ எடுத்தார். பெட்டியைச் சுற்றி நின்றவர்களைக் கொஞ்சம் விலகச் சொன்னார். சங்கத்துச் சுப்பிரமணியன் மைக்கைப் பிடித்து, "தாயக உறவுகளுக்காகத் தன் குரலை அர்ப்பணித்த புதல்வி," என்று தொடங்கி, சங்கம் நடத்திய கூட்டங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அவளுடைய பெயரை இரண்டு தடவை மயூரி என்றார். யாரும் திருத்தவில்லை.

பின்வரிசையில் இரண்டு பேர் மெல்லக் கதைத்தது அவனுக்குக் கேட்டது.

"பெடியன் படிச்சவன். பிள்ளை குட்டியும் இல்லை."

"முப்பது கூட வராது. ஒரு வருசம் போகட்டும்."

நிரூபன் திரும்பி அவர்களைப் பார்த்தான். ஒருவர் கைகூப்பினார்.

அவனுக்கு அழுகை வரவில்லை. கண்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. கூறையின் கொசுவம் ஒரு பக்கம் கூடியிருந்தது. தலையில் வைத்தது மல்லிகை இல்லை, பூக்கடையில் கிடைத்த ஏதோ வெள்ளைப் பூ. பொட்டு வலப்பக்கமாகச் சரிந்திருந்தது. சித்தி தலைமாட்டில் நின்று வாயைச் சேலையால் பொத்தியிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. இப்படிக் கணக்கெடுத்துக்கொண்டு நிற்கிற தன் கண்களை நிரூபன் வெறுத்தான். மனைவியின் பெட்டிக்குப் பக்கத்திலும் அவன் மாணவன்தான்.

வாய்க்கரிசி போடக் குனிந்தபோது பெருவிரலால் பொட்டைச் சரியாக்கினான். நெற்றி குளிர்சாதனப் பெட்டியின் குளிராக இருந்தது.

சுடலையில் அடுத்த குடும்பம் தங்கள் பெட்டியோடு வெளியே காத்திருந்தது. ஐயர் அவசரப்படுத்தினார். நிரூபன் பொத்தானை அமத்தினான். திரை மூடிக்கொண்டது. பாலேந்திரா அவனுடைய தோளில் கை வைத்தார். அவன் தோளை இழுத்துக்கொண்டான்.

செவன் கிங்ஸில் நிரூபனின் வீட்டு வாசலில் ஒரு வாளியில் மஞ்சள் தண்ணீர் வைத்திருந்தார்கள். காலைக் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. வரிசையில் முதல் ஆள் நிரூபன். அவனுக்குப் பின்னால் சித்தப்பா, சித்தி, அவர்களுக்குப் பின்னால் கேற் வரைக்கும் கறுப்புச் சப்பாத்துகள். உள்ளே யாரோ சோறு வடிக்கும் மணம் வந்தது.

சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது போன் மறுபடியும் அதிர்ந்தது. இரண்டு முறை.

நிரூபன் நிமிர்ந்தான். தன்னுடைய பேர்ஸைத் திறந்து மயூராவின் போன் கார்டை எடுத்தான். முன்பே சுரண்டிய கார்டு. நம்பரை அடிக்கத் தொடங்கினான்.

பாலேந்திரா மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன தம்பி செய்யிறீர்? உமக்கு விசரே?"

"கையை விடுங்கோ."

"சனம் பாக்குது. உள்ள வந்து கதைப்பம்."

"சனம் பாக்கட்டும். ஆறு கிழமை அவளை ரோட்டில நிக்க வைச்சுப் பாத்தனீங்கள்தானே. செத்துப்போனவனைக் காப்பாத்தச் சொல்லிக் கத்தேக்குள்ள பக்கத்தில நிண்டு கொடி பிடிச்சனீங்கள்."

"அது நல்லதுக்குத்தான் செய்தது."

"ஆரின்ர நல்லதுக்கு?"

கேற்றடியில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மயூராவின்ர அப்பா, என்ர அண்ணை, செத்த செய்தியும் அண்ணிக்கு நான்தான் சொன்னனான்," என்றார் பாலேந்திரா. "பெடியன்ர விசயத்தை மயூராவுக்கு நான் சொல்லியிருக்க வேணும். வாய் வரேல்லை. இப்ப இதையும்... என்னால ஏலாது தம்பி."

நிரூபன் அவரைப் பார்த்தான். அருமை என்று எழுதிக் கொடுத்த கட்டுரையில் அவன் முடிவைப் பிழையாக எழுதியிருந்தான். தவணை, செய்தியைக் கேட்பவருக்காக இல்லை, சொல்பவருக்காக. அது தெரிந்தும் அவனுக்குக் கோபம் குறையவில்லை.

"நீங்கள் சொல்ல வேண்டாம்," என்றான். பிடியை உதறி மீதி நம்பரை அடித்தான்.

"பிள்ளை?" என்றது குரல். "காய்ச்சல் விட்டிட்டுதே?"

"மாமி, நான் நிரூபன்."

"தம்பியே. அவளுக்கு இன்னும் தொண்டை சரிவரேல்லையே? மல்லி அவிச்சுக் குடுங்கோ. வேர்க்கொம்பும் தட்டிப் போடுங்கோ."

"மாமி, அவளுக்குக் காய்ச்சல் வரேல்லை. மயூரா மோசம் போயிட்டா. போன செவ்வாய்க்கிழமை, மூளையில ரத்தம் கசிஞ்சு. இப்பதான் எரிச்சுப்போட்டு வாறம்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். அலறல் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் இரைச்சல் கேட்டது. ஒரு குழந்தை யாரையோ கூப்பிட்டது. சுசிலா மாமி மூச்சு விடுவதும் நிறுத்துவதும் கேட்டது. பக்கத்தில் யாரோ, "என்னக்கா, என்ன?" என்று கேட்டார்கள்.

"காய்ச்சல் எண்டது பொய்," என்றார் பிறகு.

"ஓம் மாமி."

"நீங்கள் சொன்னது?"

"உண்மை."

நிரூபனின் ஒரு கால் சப்பாத்துக்குள்ளும் ஒரு கால் வெளியிலும் இருந்தது.

"என்ன உடுத்தினவையள் தம்பி?"

"கூறை மாமி. கலியாணக் கூறை."

"நான் காணேல்லை. கலியாண நேரம் பாதை பூட்டியிருந்தது. படமும் வந்து சேரேல்லை." "அது என்ன நிறம்?"

"அரக்கு. கரை மாம்பழ மஞ்சள். கரையில சின்னச் சின்ன அன்னம். கொசுவம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு."

"அவள் ஒரு நாளும் கொசுவம் சரியாப் பிடிக்க மாட்டாள். தலை ஆர் இழுத்தது?"

"சித்தி. நேர் வகிடு எடுத்துப் பின்னிவிட்டவ. வெள்ளைப் பூ வைச்சது. மல்லிகை கிடைக்கேல்லை."

"பொட்டு?"

"குங்குமம். சரிஞ்சு இருந்தது. நான் நேராக்கினனான்."

"முகம்?"

"வீங்கேல்லை. இடது புருவத்தில விழுந்த காயம், ஒரு நெல்லளவு. கண் நல்லா மூடியிருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, நித்திரையில இருக்கிற மாதிரி."

"சின்னனிலயும் வாயைத் திறந்துதான் படுப்பாள்," என்றார் மாமி. பிறகு கேட்டார்: "ஆர் அழுதது தம்பி? அழ ஆக்கள் இருந்ததே?"

நிரூபன் மனதுக்குள் மண்டபத்தை மறுபடி பார்த்தான். வாசல், வீடியோ, மைக், பின்வரிசை. பொய் சொல்லலாம்.

"கனக்கப் பேர் வந்தவை. அழுதது சித்தி மட்டும்தான். சத்தம் இல்லாமல் அழுதவ."

அவனுக்குப் பின்னால் சித்தியின் வளையல்கள் ஒன்றோடொன்று உரசின.

போனுக்குள் ஒரு பெண் குறுக்கிட்டு, இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். மயூரா அவளை எப்போதும் திட்டுவாள்.

"மாமி, கார்டு முடியப்போகுது. என்னட்ட வேற இல்லை."

"என்னெண்டு கொண்டுபோனவையள், அதையும் சொல்லுங்கோ. காரிலயே? ஆர் தூக்கினது? தம்பி, வைச்சுப்போடாதேங்கோ. எல்லாத்தையும் சொல்லுங்கோ."

நிரூபன் திரும்பினான். கடையில் விற்கும் போன் கார்டுகள் எந்நேரமும் பாலேந்திராவின் கோட்டுப் பையில் ஒரு கட்டாக இருக்கும். கோயிலிலும் செத்தவீட்டிலும் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். இன்று அவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கை அசையவில்லை.

யோகமலர் வரிசையை விட்டு முன்னே வந்தார். கணவனின் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அவர் தடுக்கவில்லை. கட்டிலிருந்து ஒரு கார்டை உருவினார். வீட்டுச் சாவியின் நுனியால் அதைச் சுரண்டினார். வெள்ளித் துகள்கள் வாளிக்குள் விழுந்து மஞ்சள் தண்ணீரில் மிதந்தன.

"நம்பரை எழுதுறீரே, அடிக்கிறீரே?" என்று கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கார்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கத் தொடங்கினார்.