துல்மாவின் கம்பள ஏரி

துல்மாவின் வீட்டுக் கம்பளத்தில் இருந்த ஏரி, கீழ்த்தளத்தில் அவள் தங்கை நோர்ஜினின் வீட்டில் மட்டும் மழையாகப் பெய்யத் தொடங்கியது ஒரு வசந்த காலத்தில். அந்த வாரம் மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் ஆட்டிறைச்சி விலை ஏறியிருந்ததால், குடியிருப்பில் இருந்தவர்கள் முதலில் இறைச்சியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுத்தான் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அக்காளும் தங்கையும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இரண்டு வீடுகளை வாங்கிக் கொடுத்துவிட்டு அப்பா செத்துப்போனார். அம்மாவோ, வெண்ணெய் நிறத்தில் நெய்த தன் கம்பளம் உனக்குத்தான் என்று ஆளுக்கொரு தடவை தனித்தனியே சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். மூத்தவள் முந்திக்கொண்டாள். புத்தாண்டான வெள்ளை மாதத் திருநாளுக்கு முறைப்படி அக்காவைப் பார்க்க வந்த நோர்ஜின், ஊவ்ஸ் உப்பேரிக் கரையில் இருந்த பிறந்த வீட்டில் சுவரில் தொங்கிய கம்பளம் சாப்பாட்டு மேசைக்கடியில் கிடப்பதைக் கண்டாள்.

"அம்மா சுவத்துல மாட்டி வெச்சதை மிதியடி ஆக்கிட்டியா?"

"என் வீடு, என் தரை. கண்ணு உறுத்துச்சுன்னா வேற பக்கம் பாரு."

அடுத்த நொடி, மேசை மேல் இருந்த சத்சர்கான் பழச்சாறு ஜாடி கவிழ்ந்தது. கை தவறிவிட்டது என்றாள் நோர்ஜின். ஊற்றினாள் என்றாள் துல்மா. துல்மாவின் கணவன் கொம்போ எதிரில் உட்கார்ந்து இறைச்சிக் கொழுக்கட்டை தின்றுகொண்டிருந்தான். நடந்ததை முழுதாகப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் அதைப் பற்றி அன்றும் வாய் திறக்கவில்லை, பிறகும் திறக்கவில்லை.

செம்மஞ்சள் கறை எதற்கும் அசையவில்லை. புதுப்பனி விழுந்ததும் கம்பளத்தை வெளியே கொண்டுபோய்ப் பனியில் கவிழ்த்துப் போட்டு அடித்தார்கள். பனி மஞ்சளானது, கறை குறையவில்லை. சோடா, வினிகர், உப்பு, எல்லாம் வீண். நோர்ஜின் மாடிப்படியில் நின்று, அக்கா மனசில் இருப்பதுதான் கம்பளத்தில் தெரிகிறது என்று பெண்களிடம் சொல்லிச் சிரித்தாள். அதன்பின் துல்மாவின் வீட்டுக்கு வருபவர்கள் காலணியைக் கழற்றும்போதே கழுத்தை நீட்டிக் கறையைத் தேடினார்கள். அவள் மேசையைக் கறையின் மேல் நகர்த்தினாள். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். விருந்துக்கு ஆள் அழைப்பதையே விட்டாள். தங்கை மேல் இருந்த வெறுப்பு அவளுக்கு உடம்போடு ஒட்டிய உறுப்பு மாதிரி ஆகிப்போனது. காலையில் அதுதான் அவளுக்கு முன்னால் விழித்தது.

கடைசியில் ஒருநாள், அழிக்க முடியாததை மூடிவிடுவது என்று முடிவுசெய்து, சந்தையில் கம்பளித்துணிக்குப் போடும் நீலச் சாயப்பொடி வாங்கிவந்தாள். கம்பளத்தை நன்றாகக் கழுவிக் காயவைத்து, பாலிதீன் விரிப்பின் மேல் பரப்பினாள். கறையின் ஓரத்தை ஒட்டி வளைத்து வளைத்து நாடா ஒட்டினாள். பொடியை வெந்நீரில் கரைத்து, சாயம் பிடிக்க வினிகர் விட்டு, பாத்திரம் துலக்கும் பஞ்சை அதில் தோய்த்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பிறகு ஈரத்துணியைப் போட்டு அதன்மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்து ஆவி ஏற்றினாள். நாடாவை உரித்தபோது கறை இல்லை. ஆனால் அந்தக் கோணல் வடிவம் அவள் பிறந்த ஊரின் ஏரியாகவே இருந்தது. மஞ்சளும் நீலமும் கலந்த ஓரங்களில் பச்சை படர்ந்து, நாணல் முளைத்தாற்போல் நின்றது. துல்மாவுக்கே அது பிடித்துப்போனது. வெகுநாளைக்குப் பிறகு கதவைத் திறந்துவைத்துத் தேநீர் குடித்தாள்.

சாயம் காய்ந்த அன்றே கீழே தூறல் விழுந்தது. நோர்ஜின் விளக்குமாற்றால் கூரையை இடித்தாள். மேலே யாரும் கேட்காததால் குழாய் பழுதுபார்க்கும் தம்தினைக் கூட்டிவந்தாள். அவன் இரண்டு வீட்டிலும் ஏறி இறங்கி, சுவரைத் தட்டிப் பார்த்து, கடைசியில் தொப்பியைக் கழற்றிவிட்டு மழையில் நின்றான்.

"குழாயெல்லாம் காஞ்சு கிடக்கு அக்கா. இது குழாய்த் தண்ணியும் இல்ல. உப்புக் கரிக்குது."

நோர்ஜின் நாக்கை நீட்டி ஒரு சொட்டைப் பிடித்தாள். ஊவ்ஸ் ஏரித் தண்ணீரின் ருசி அவளுக்குத் தெரியாதா? அவள் படியேறிப்போய்ப் பூட்டிய கதவின் முன் நின்று கத்தினாள்.

"நிறுத்துடி."

"குடை இல்லையா உன்கிட்ட?" என்றது கதவுக்கு அப்பாலிருந்து வந்த குரல்.

துல்மா நிறுத்த நினைக்கவே இல்லை. மறுநாள் மிச்சமிருந்த சாயத்தில் பாதியைக் கரைத்து ஏரியின் நடுவில் இன்னொரு பூச்சு கொடுத்தாள். கீழே தூறல் பெருமழையானது. அப்படியே சில ஆண்டுகள் போயின. குளிர்காலத்தில் ஏரி உறைந்தது, கொம்போ காலுறையோடு நடந்து இரண்டு தடவை வழுக்கி விழுந்தான். பனி உருகும் பருவத்தில் கம்பளத்துப் பனிக்கட்டி நடுப்பகலில் வெடியோசையோடு பிளந்தது. கீழே நோர்ஜின் கட்டிலுக்கு மேல் தார்ப்பாய் கட்டினாள், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு சமைத்தாள், வீட்டை விற்றுவிட்டுப் போகச்சொன்ன உறவுக்காரர்களை வாசலோடு அனுப்பினாள். போனால் அக்கா ஜெயித்துவிடுவாள் என்பதே அவள் சொன்ன ஒரே காரணம்.

இப்படியே இருந்திருந்தால் துல்மா நிம்மதியாகச் செத்திருப்பாள். ஆனால் நோர்ஜினுக்கு நெடுநாளாக இருந்த முழங்கால் வலி போய்விட்டது. உப்பு மழையில் நின்று நின்று, படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏற ஆரம்பித்தாள். இதைப் பார்த்து அதே கட்டடத்தின் மூன்றாம் வாசல் பக்கம் குடியிருந்த பெண்கள் வந்தார்கள். பிறகு அடுத்த கட்டடத்திலிருந்தும் வந்தார்கள். கால்சராயை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குடைக்கடியில் பால்தேநீர்க் கிண்ணத்தை மட்டும் நனையாமல் பிடித்தபடி, நோர்ஜினின் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வெப்பக்குழாய் வழியாக மேலே ஏறி வந்தது.

"கேட்டியா? என் ஏரியில அவ விருந்து வெக்கறா" என்றாள் துல்மா.

"வலி போனா நல்லதுதானே" என்றான் கொம்போ. அன்று அவனுக்கு இரவுச் சாப்பாடு கிடைக்கவில்லை.

மறுநாள் துல்மா பழுப்புச் சாயம் வாங்கிவந்து, கரை தெரியாமல் ஏரி முழுவதையும் மூடினாள். கீழே மழை நின்றது. வந்த பெண்கள் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையை மடக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்தில் நோர்ஜினின் முழங்கால்கள் மறுபடி வீங்கின. மேல்வீட்டிலும் நன்மை ஒன்றும் நடக்கவில்லை. கம்பளத்திலிருந்து மணல் கிளம்பியது. சூப்பில் மணல், தலையணையில் மணல். துல்மா பேசும்போது பல்லுக்கிடையில் நறநறத்தது. ஆனாலும் கீழே சிரிப்பில்லை என்பதால், காலையில் மணலைக் கூட்டி அள்ளும்போது அவள் முகத்தில் திருப்தி இருந்தது.

சுவரைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, நோர்ஜின் ஒரு மத்தியானம் மேலே வந்தாள். வணக்கம் சொல்லவில்லை. காலணியோடு மணலில் நடந்துவந்து கம்பளத்தைப் பார்த்தாள்.

"என் மழை எங்க?"

"உன் மழையா? அது அம்மாவோட ஏரி."

"ஏரியை நீயே வெச்சுக்க. மழை என்னோடது. இத்தனை வருஷம் நனைஞ்சவ நான்."

துல்மா பதில் சொல்ல வாயைத் திறந்தாள், மணல்தான் வந்தது. இருமி இருமிக் கண்ணில் நீர் முட்டியது. தங்கையின் கால்களைப் பார்த்தாள். சாவதற்கு முந்தின வருடம் அம்மாவின் கால்கள் அப்படித்தான் வீங்கி இருந்தன. அவளுக்கு இரக்கம் வந்ததா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் சமையலறைக்குப் போய் வெந்நீர் வைத்தாள், அவ்வளவுதான்.

பழுப்பின் மேல் நீலம் ஏற மறுத்தது. பொடியை இரண்டு மடங்கு போட்டு, ஆளுக்கொரு பஞ்சோடு எதிரெதிர் ஓரங்களில் மண்டியிட்டார்கள். வேலை முடியும்வரை திட்டிக்கொண்டார்கள்.

"பஞ்சைப் பிழிஞ்சு ஒத்து. அம்மா உனக்கு ஒண்ணுமே சொல்லித்தரலையா?"

"உனக்குத்தான் எல்லாத்தையும் குடுத்தாளே. ஆறு எங்க? கிழக்குல ஆறு வந்து சேருமே."

"மேற்குல."

"கிழக்குல. நான் அதுல குளிச்சிருக்கேன்."

"நீ குளிச்சது குட்டைடி."

இருவரும் விட்டுக்கொடுக்காததால் இரண்டு பக்கமும் ஆறு வரைந்தார்கள். கொம்போ இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான். ஆவி ஏற்றி முடித்ததும் நோர்ஜின் கை கழுவாமல், நீல விரல்களோடு இறங்கிப் போனாள். அவள் தன் கதவைத் திறப்பதற்குள் உள்ளே கொட்டத் தொடங்கிவிட்டது.

இரண்டு ஆறுகள் வந்து சேர்வதால் இப்போது முன்பைவிடப் பலத்த மழை. அக்காளும் தங்கையும் படியில் எதிர்ப்பட்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். மின்சாரக் கணக்கெடுக்க வருபவர் கீழ்வீட்டுக்கு மட்டும் மழைச்சட்டை கொண்டுவருகிறார். போன கோடையில் ஏரிப்பறவைகள் நோர்ஜினின் அலமாரி மேல் முட்டையிட்டன. மேலே கத்தல் பொறுக்கவில்லை என்று துல்மா புகார் கொடுத்திருக்கிறாள். குடியிருப்புச் சங்கம், பறவைகள் எந்த வீட்டைச் சேர்ந்தவை என்று விசாரித்துவருகிறது.