கரண்ட் இறக்காத பெட்டி

1

இது இன்று காலை என் கண்ணெதிரே நடந்தது. கதை என்று சொல்வதே பொய். ஆனால் உள்ளதை உள்ளபடி சொன்னால் நம்ப மாட்டீர்கள், கதை என்றால் கடைசிவரை படிப்பீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

தொடக்கம்: "பழைய ஓவன்கள் மலைபோல் குவிந்து..." (வேண்டாம். மலையும் இல்லை, மண்ணும் இல்லை. என் உயரம்தான்.)

இன்னொன்று: "என் மகன் ரொம்ப நல்லவன்." (அடித்துவிட்டேன்.)

2

வீடுகளில் தூக்கிப்போட்ட மைக்ரோவேவ் ஓவன்களைப் பிரித்து இரும்பு, செம்பு என்று தனியாக்குவது எங்கள் வேலை. ஒயரைப் பிடுங்கினாலும் உள்ளே கண்டன்சரில் கரண்ட் தங்கியிருக்கும். ஆளையே கொல்லும். மூடி கழற்றி வரும் பெட்டியில் முதல் மேசைக்காரன் அந்தக் கரண்டை இறக்கிவிட்டு, பக்கவாட்டில் சாக்பீஸ் கோடு போடுவான். கோடு இருந்தால்தான் இரண்டாம் மேசை கை வைக்கும்.

முதல் மேசையில் ஆமை. பட்டப்பெயர்தான், எதையும் இரண்டு தடவை பார்ப்பான். இரண்டாவதில் என் மருமகள். பக்கத்தில் நான், செம்புக் கம்பி உரிக்கிறேன். எங்கும் பெட்டி தேங்காமல், எவரும் சும்மா நிற்காமல் ஓட்டுவது என் மகன் பொறுப்பு. மேஸ்திரி.

(மேஸ்திரி என்றால் கத்துவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இதைக் கதையில் சேர்க்கக் கூடாது.)

3

ஆமையிடம் பெட்டிகள் தேங்கின. மருமகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டேய் ஆமை, கரண்ட எறக்குறியா, இல்ல அதுக்குத் தாலாட்டுப் பாடுறியா?" என்றான் மகன்.

"அவசரப்பட்டா இது விடாது மேஸ்திரி. அடுத்து கை வைக்கிறது உங்க வீட்டம்மாதான்."

ஆமை தண்ணீர் குடிக்கப் போனான். என் மகன் சாக்பீஸை எடுத்தான். தேங்கிக் கிடந்த பெட்டிகளில் சரசரவென்று கோடு இழுத்து மருமகள் பக்கம் தள்ளினான். நான் "டேய்!" என்று எழுவதற்குள் அவள் கையை உள்ளே விட்டுவிட்டாள். படாரென்று ஒரு

(இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை.)

4

உயிர் இருக்கிறது. ஆபீஸ் பெஞ்சில் கிடத்தியிருக்கிறோம். விரல் நுனி கருகிவிட்டது. டாக்டருக்கு ஆள் போயிருக்கிறது.

"கோடு போட்டது ஆமைதான். வேற யாரு போடுவா?" என்றான் என் மகன். குரலில் ஒரு பிசிறு இல்லை. அவள் விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. நான் பெற்றதுதானா இது?

நாளையிலிருந்து வரவேண்டாம் என்று முதலாளி ஆமையிடம் சொல்லிவிட்டார். அவன் வாசலிலேயே நிற்கிறான். "நான் தொடாத பெட்டிக்குக் கோடு எப்படி வந்துச்சு பெரியவரே?"

உள்ளே மருமகள் கண்ணைத் திறந்தாள். "மாமா, நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? கோடு போட்டது யாரு?"

"தண்ணி கொண்டு வரேம்மா" என்று வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

5

முடிவு அ: சொல்லிவிடுகிறேன். என் மகன் இனி என் முகத்தில் விழிக்க மாட்டான்.

முடிவு ஆ: "கவனிக்கலம்மா" என்கிறேன். ஆமை வீட்டுக்குப் போகிறான். கை ஆறியதும் அவளுக்கு அதே மேசை, அதே மேஸ்திரி.

(பாதிப் பேர் 'அ' என்பீர்கள். உங்களுக்கென்ன, பெற்றவன் நான்தானே?)

ஆனால் நீங்களும் தப்ப முடியாது. அவன் சாக்பீஸை எடுத்ததை மூன்றாம் பகுதியில் நீங்களும்தான் பார்த்தீர்கள். இந்தாருங்கள் டம்ளர். தண்ணீர் பிடித்தாகிவிட்டது. உள்ளே போய் அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.